கதை சொல்லும் நாவு எவருடையது?

அல்ஹரீரியின் ‘மகாமாத்’ கிதாபை மாணவர்களுக்கு ஓதிக்கொடுத்துக் கொண்டிருந்த ஒரு காலைப்பொழுது. முதல் மகாமாவாகிய ‘ஸன்ஆனிய்யா’வை முடித்து, அருஞ்சொற்களுக்குப் பொருள் சொல்லி, நஹ்வு விளக்கமும் கூறிவிட்டோம். கடைசி வரிசையில் அமர்ந்திருந்த இளம் மாணவர் ஒருவர் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார்: “ஹஜ்ரத், ஹரீரி இமாம் அவர்கள் மது அருந்தினார்களா?”

வகுப்பே சிரித்தது. “மது அருந்தியவர் ஹரீரி அல்லர், அபூஸைத். அதைக் கண்டதாகச் சொல்பவரும் ஹரீரி அல்லர், ஹாரிஸ். அவ்விருவரையும் படைத்து எழுதியவர்தாம் ஹரீரி” என்று கூறி அம்மாணவரை அமர்த்தினோம். ஆனால், மற்றவர்களைப் போல் நம்மால் சிரிக்க முடியவில்லை. காரணங்கள் இரண்டு. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் பக்தாதில் வாழ்ந்த பேரறிஞர் ஒருவரும் ஏறத்தாழ இதே ஐயத்தைக் கிளப்பியவர்தாம் என்பது ஒன்று. மற்றொன்று நம் சொந்த வாழ்வில் நேர்ந்த ஒரு பிழை. அதனை இக்கட்டுரையின் முடிவில் சொல்வோம்.

ஒரு கதையில் ‘இதைச் சொல்பவர் யார்? எங்கே நின்றுகொண்டு சொல்கிறார்? அவருக்கு எவ்வளவு தெரியும்?’ என்னும் வினாக்கள் உண்டு. இக்காலத் திறனாய்வாளர் இதனை ‘நோக்குநிலை’ என்பர். இஃது ஏதோ மேனாட்டாரிடமிருந்து வந்த புதுச் சரக்கு என்று எண்ணுவோர் உளர். அரபு மொழியிலும் தமிழ் மொழியிலும் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் ஒரு பகுதியை, சிறப்பாக அரபு மொழிப் பகுதியை, ஈண்டுக் காண்போம்.

கூற்றும் நோக்கும்

தமிழ் அகப்பாடல்களைப் பயின்றோர் ‘கூற்று’ என்னும் சொல்லை அறிவர். அகப்பாடலில் புலவர் தம் வாயால் பேசுவதில்லை. தலைவி பேசுவாள்; தோழி பேசுவாள்; தலைவன் பேசுவான்; செவிலியும் பேசுவாள். பாடலின் அடியில் ‘இன்னார் இன்னாருக்குச் சொல்லியது’ என்று துறைக் குறிப்பு இருக்கும். அக்குறிப்பை விட்டுவிட்டுப் படிப்பவர், தலைவியின் ஏக்கத்தைப் புலவரின் ஏக்கமென்று மயங்குவார். ஆண்பாற் புலவர் ஒருவர் பெண்ணின் குரலில் பாடுவதைக் கண்டு எவரும் அவரை நகைத்ததில்லை. கூற்று இன்னாருடையது என்பது தமிழ்ப் பயிற்சியின் முதற்பாடம்.

இனி, நாம் வெள்ளிதோறும் ஓதும் கஹ்ஃபு அத்தியாயத்தை நினைத்துப் பாருங்கள். மூஸா (அலை) அவர்கள் இறையடியார் ஒருவருடன் பயணம் போகிறார்கள். அவர் ஹிள்ரு (அலை) என்பது நபிமொழியால் விளங்குகிறது. ஏழைகளின் படகு சேதப்படுத்தப்படுகிறது. சிறுவன் ஒருவன் கொல்லப்படுகிறான். விருந்து மறுத்த ஊரில் சாயவிருந்த சுவர் கூலியின்றி நிமிர்த்தப்படுகிறது. ஏன் என்று மூஸா (அலை) அவர்களுக்கும் தெரியாது. கேட்கும் நமக்கும் தெரியாது. அவர்கள் பொறுமையிழக்கும்போது நாமும் பொறுமையிழக்கிறோம். பிரியும் வேளையில்தான் காரணங்கள் வெளிப்படுகின்றன. யூஸுஃப் அத்தியாயத்திலோ நிலைமை வேறு. சகோதரர்கள் கூடிச் செய்த சதி முதலிலேயே நமக்குச் சொல்லப்பட்டுவிடுகிறது. ஓநாய் தின்றது என்று கூறி இரத்தம் தோய்ந்த சட்டையை அவர்கள் தந்தையிடம் கொண்டு வரும்போது, அது பொய் என்பதை நாம் அறிவோம். அறிந்திருந்தும் ஒன்றும் செய்ய இயலாமல், அந்த முதிய தந்தையின் அழகிய பொறுமையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஓரிடத்தில் கேட்பவர் அறியாதவரோடு நிறுத்தப்படுகிறார். மற்றோரிடத்தில் அறிந்தவராக நிறுத்தப்படுகிறார். இரண்டின் படிப்பினையும் வேறு. இவை இறைவன் அருளிய உண்மை வரலாறுகள். மனிதர் புனைந்த கதைகளோடு இவற்றை நாம் ஒன்றாக வைக்கவில்லை. ஆயினும், ஒரு வரலாற்றை எங்கே நின்று கேட்கிறோம் என்பது உள்ளத்தில் எத்துணை வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பதை நம் பெண்டிரும் பிள்ளைகளும் இவ்விரு அத்தியாயங்களிலிருந்தே உணரலாம்.

அறிவிப்பாளர் என்னும் அமானிதம்

‘யார் சொன்னது?’ என்று கேட்பதில் முஸ்லிம் சமுதாயம் காட்டிய கண்டிப்பு உலக வரலாற்றில் தனித்தன்மை உடையது. நபிமொழி ஒன்று வந்தால் அதன் வாசகத்தை மட்டும் பாரார். இவருக்குச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார் என்று தொடரைப் பின்னோக்கி ஆராய்வர். தொடரில் உள்ள ஒவ்வொருவரின் நினைவாற்றலும் நாணயமும் எடைபோடப்படும். ஒருவர் மற்றவரைச் சந்தித்திருக்கக்கூடுமா என்பதற்கு ஊரும் ஆண்டும் ஒத்துப் பார்க்கப்படும். யாரென்று தெரியாத ஒருவர் இடையில் வந்தால் ‘மஜ்ஹூல்’ என்று குறித்து, அத்தொடரைப் பலவீனமாகக் கொள்வர். இதற்கெனவே அறிவிப்பாளர் வரலாற்று நூல்கள் தொகுதி தொகுதியாக எழுந்தன.

இத்தகைய சமுதாயத்தில் கட்டுக்கதை சொல்வோர்மீது ஐயம் எழுந்தது இயல்பே. பள்ளிவாசல்களிலும் கடைத்தெருக்களிலும் மக்களைக் கூட்டிக் கதை சொல்லியோர் ‘குஸ்ஸாஸ்’ எனப்பட்டனர். அவர்களுள் நல்லோரும் இருந்தனர். கேட்போரை அழவைத்துக் காசு திரட்டுவதற்காக இல்லாத செய்திகளைப் பெருமானார் (ஸல்) அவர்களின் பெயரால் சொல்லியோரும் இருந்தனர். ஹிஜ்ரி 597இல் (கி.பி. 1201) மறைந்த இமாம் இப்னுல் ஜவ்ஸி இவர்களைப் பற்றியே ஒரு தனி நூல் எழுதினார்கள்.

அப்படியானால் புனைகதைக்கு அரபு மொழியில் இடமே இல்லையா? இருந்தது. எட்டாம் நூற்றாண்டில் பாரசீகரான இப்னுல் முகஃப்பஃ, பஹ்லவி மொழியிலிருந்து ‘கலீலா வதிம்னா’வை அரபுக்குக் கொணர்ந்தார். நம் நாட்டுப் பஞ்சதந்திரத்தின் வழிவந்த நூல் அது. மன்னர் கேட்க, ஞானி கதை சொல்வார். அக்கதைக்குள் நரி ஒரு கதை சொல்லும். அந்த நரியின் கதைக்குள் இன்னொரு விலங்கு வேறு கதை சொல்லும். விலங்கு பேசுகிறது என்றவுடனே இது உவமை என்று கேட்பவர் அறிந்துகொள்வார். ஆதலால், இங்கே பொய் என்ற குற்றச்சாட்டுக்கு அவ்வளவாக இடமில்லை. மனிதர் மனிதரைப் பற்றிப் புனைந்தபோதுதான் சிக்கல் தொடங்கிற்று.

மளீரா விருந்து

‘காலத்தின் அற்புதம்’ என்று பொருள்படும் ‘பதீஉஸ்ஸமான்’ எனச் சிறப்பிக்கப்பெற்ற அல்ஹமதானி, ஹிஜ்ரி 358இல் ஹமதானில் பிறந்து, 398இல் (கி.பி. 1008) ஹிராத்தில் மறைந்தவர். ‘மகாமா’ என்னும் இலக்கிய வகையைத் தோற்றுவித்தவர் அவரே. அவர் எழுதியவற்றுள் நமக்குக் கிடைப்பவை ஐம்பதுக்குச் சற்று மேல். ஒவ்வொன்றும் ஹதீஸ் கிதாபைப் போலவே தொடங்கும்: ஈஸா இப்னு ஹிஷாம் நமக்கு அறிவித்தார் என்று. ஆனால், ஈஸா இப்னு ஹிஷாம் என்றொருவர் உலகில் இருந்ததில்லை. அவர் ஊர் ஊராகச் சுற்றுவார். ஒவ்வோர் ஊரிலும் சொல்வன்மை மிக்க ஓர் ஏமாற்றுக்காரரைக் காண்பார். இறுதியில், அவர் அபுல் ஃபத்ஹ் அல்இஸ்கந்தரி என்று கண்டுகொள்வார்.

இவற்றுள் ‘மளீரிய்யா’ என்பதைச் சிறிது விரித்துரைக்க விரும்புகிறோம். மளீரா என்பது புளித்த பாலில் சமைத்த இறைச்சி. பஸராவில் ஒரு விருந்தில் அது பரிமாறப்பட்டது. எல்லாரும் கை நீட்ட, அபுல் ஃபத்ஹ் மட்டும் எழுந்து நின்று அந்த உணவையும் அதைச் சமைத்தவரையும் சபிக்கலானார். காரணம் கேட்டபோது தம் கதையைச் சொன்னார்.

பக்தாதில் ஒரு வணிகர் தம்மை மளீரா உண்ண அழைத்தாராம். வழி நெடுகிலும் தம் மனைவியின் திறமையைப் புகழ்ந்தாராம். தெருவைப் புகழ்ந்தார், வீட்டைப் புகழ்ந்தார், கதவைப் புகழ்ந்தார், கதவின் வளையத்தை யாரிடம் என்ன விலைக்கு வாங்கினார் என்று விரித்தார். பணியாளைப் புகழ்ந்தார், கை கழுவும் செம்பையும் அதிலிருந்த தண்ணீரையும் துடைக்கும் துணியையும் புகழ்ந்தார். மளீரா மட்டும் வரவேயில்லை. பசி தாளாமல் அபுல் ஃபத்ஹ் எழுந்தபோது, கழிப்பறைக்குப் போகிறாரென எண்ணி, அதன் சிறப்பையும் வருணிக்கத் தொடங்கினாராம்! இவர் தெருவில் ஓட, வணிகர் “அபுல் ஃபத்ஹே, மளீரா!” என்று கூவிக்கொண்டு பின்னால் ஓடினார். அதைப் பட்டப்பெயர் என்று எண்ணிய சிறுவர்கள் தாமும் கூவினர். எரிச்சலில் இவர் எறிந்த கல் வழிப்போக்கர் ஒருவரின் தலையைப் பிளந்தது. விளைவு, அடியும் ஈராண்டுச் சிறையும். கதையைக் கேட்ட ஈஸாவும் தோழர்களும் அவர் சொன்ன காரணத்தை ஏற்றுத் தாமும் மளீராவைத் தொடுவதில்லை என்று நேர்ந்துகொண்டனர்.

படிக்கும்போது நாம் வணிகரை எள்ளிச் சிரிக்கிறோம். கிதாபை மூடிவைத்துவிட்டு ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். வணிகர் அவ்வாறு பேசினார் என்பதற்குச் சான்று என்ன? அபுல் ஃபத்ஹின் வாய்ச்சொல் ஒன்றே. அபுல் ஃபத்ஹ் யார்? ஊரை ஏமாற்றிப் பிழைப்பவர் என்று மற்ற மகாமாக்கள் எல்லாம் நமக்குச் சொல்லியிருக்கின்றன. அவர் சிறை சென்றதற்கு வேறு காரணம் இருக்கலாகாதா? வணிகரின் மளீராவும் வணிகரின் பக்க நியாயமும் நமக்குக் கிட்டவேயில்லை. வணிகர் சொன்னதாக அபுல் ஃபத்ஹ் சொன்னதை ஈஸா சொன்னதாக ஹமதானி எழுதுகிறார். ஹதீஸ் கலையில் தேர்ந்தவருக்கு இத்தொடரைக் கண்டவுடன் ஓர் உள்நகை தோன்றும். அந்த நகை தோன்ற வேண்டும் என்பதே ஹமதானியின் நோக்கமாக இருந்திருக்கலாம் என்று கருதுகிறோம்.

ஸன்ஆவின் குகை

ஹமதானிக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்தவர் பஸராவின் அபூமுஹம்மத் அல்காஸிம் அல்ஹரீரி (ஹிஜ்ரி 446 – 516, கி.பி. 1054 – 1122). அவருடைய 50 மகாமாக்கள் மூல ஆசிரியரின் புகழையே மறைத்துவிட்டன. நூலாசிரியர் உயிரோடிருந்த காலத்திலேயே 700 பிரதிகளுக்கு அவர் தம் இஜாஸத்தை வழங்கினார் என்பர். ஹிஜ்ரி 634இல் (கி.பி. 1237) யஹ்யா அல்வாஸிதி எழுதிப் படம் வரைந்த பிரதி இன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் உள்ளது. நம் மத்ரஸாக்கள் பலவற்றின் பாடத்திட்டத்திலும் இந்நூல் இடம்பெற்றுள்ளது.

ஹரீரியின் அலுவல் ‘ஸாஹிபுல் கபர்’ என்பது. அதாவது பஸராவின் நடப்புகளை ஆட்சியாளருக்கு அறிவிக்கும் செய்தி அதிகாரி. உண்மைச் செய்தியைத் திரட்டி அனுப்புவதே தொழிலாகக் கொண்ட ஒருவர், நடவாத செய்திகளை ஐம்பது மகாமாக்களாகப் புனைந்தார். செய்திக்கும் கதைக்கும் உள்ள எல்லையை அவரைவிட நன்கு அறிந்தவர் அரியர்.

அவருடைய கதைகளைச் சொல்பவர் அல்ஹாரிஸ் இப்னு ஹம்மாம். அறிவித்தார், உரைத்தார், எடுத்துச் சொன்னார் என்று ஹதீஸ் கலையின் வினைச்சொற்களையே மாற்றி மாற்றி இட்டு ஹரீரி அவரைப் பேசவைப்பார். ஏமாற்றுக்காரர் அபூஸைத் அஸ்ஸரூஜி. ‘ஹாரிஸ்’ என்றால் ஈட்டுபவர். ‘ஹம்மாம்’ என்றால் கவலைகளும் முனைப்புகளும் உடையவர். பெயர்களுள் மிக உண்மையானவை இவ்விரண்டுமே என்னும் கருத்தில் நபிமொழி ஒன்று உண்டு; ஏனெனில், ஈட்டலும் கவலையும் இல்லாத மனிதரே இல்லை. ஹரீரி இப்பெயரால் தம்மையே குறித்தார் என்பர் உரையாளர் சிலர். அவர் ‘யாரேனும் ஒரு மனிதர்’ என்பதையே குறித்தார் என்று கொண்டாலும் பொருந்தும். ஆசிரியருக்கும் கதை சொல்பவருக்கும் இடையே உள்ள உறவு அத்துணை நுட்பமானது. ஒருவரா, இருவரா என்றால், இரண்டுமே ஓரளவு உண்மை.

இப்போது மாணவரின் ஐயத்துக்குக் காரணமான ‘ஸன்ஆனிய்யா’வுக்கு வருவோம். வறுமையுற்று வெறும் பையுடன் யமன் நாட்டு ஸன்ஆவுக்கு வருகிறார் ஹாரிஸ். ஓரிடத்தில் பெருங்கூட்டம், அழுகுரல். நடுவில் மெலிந்த உருவமுடைய ஒருவர், மரணத்தையும் மறுமையையும் நினைவூட்டிக் கல்லும் கரையப் பேசுகிறார். மக்கள் காசை அள்ளித் தருகின்றனர். அவர் கண்ணைத் தாழ்த்தியபடி பெற்றுக்கொண்டு புறப்படுகிறார். தம்மை வழியனுப்ப வருவோரையெல்லாம் விலக்கிவிட்டுத் தனியே போகிறார். ஹாரிஸ் மறைந்து மறைந்து பின்தொடர்கிறார். அவர் ஒரு குகைக்குள் நுழைகிறார். செருப்பைக் கழற்றிக் கால் கழுவும் நேரம் கழித்து ஹாரிஸ் உள்ளே புகுந்தால், வெள்ளை ரொட்டியும் வாட்டிய ஆட்டுக்குட்டி இறைச்சியும் நபீத் நிறைந்த சாடியும் முன்னிருக்க, தம் சீடரோடு அமர்ந்திருக்கிறார் அந்த உபதேசியார். யாரிவர் என்று கேட்ட ஹாரிஸிடம், அபூஸைத் அஸ்ஸரூஜி என்று பெருமிதத்தோடு சொல்கிறார் சீடர்.

‘ஸன்ஆவுக்கு ஒரு போலி உபதேசி வந்தான்’ என்று ஹரீரி முதல் வரியிலேயே எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நாம் அக்கூட்டத்துக்கு வெளியே நின்று, ஏமாறும் மக்களைப் பார்த்து நகைத்திருப்போம். ஹாரிஸின் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும், தெரிந்த முறையிலேயே சொன்னதால், நாமும் கூட்டத்துக்குள் நிற்கிறோம். அந்த உபதேசத்தைக் கேட்டு நெஞ்சம் கசிகிறோம். பிறகு குகைக்குள் நுழைந்து திடுக்கிடுகிறோம். அதன்பின் ஒரு கேள்வி நம்மைவிட்டு அகலாது: சொன்னவர் போலி, சொன்ன சொல்லும் போலியா? மரணம் வரும் என்பது அபூஸைத் சொன்னதனால் பொய்யாகிவிடுமா? சொல்பவரையும் சொல்லையும் பிரித்தும் சேர்த்தும் எடைபோட வேண்டிய பொறுப்பை ஹரீரி நம் தலைமேல் வைத்துவிடுகிறார்.

நாம் ஓதிய காலத்தில் இந்நூலைச் சொற்களஞ்சியமாகவே ஓதினோம். அருஞ்சொல் எது, அதன் பன்மை எது, இலக்கண முடிபு எது என்பதோடு நின்றோம். குகையின் வாயிலில் நிற்பவர் யார் என்று நமக்கு எவரும் சொல்லித்தரவில்லை, நாமும் கேட்கவில்லை.

பக்தாதில் எழுந்த வழக்கு

தம்மீது பழி வரும் என்பதை ஹரீரி அறிந்திருந்தார். ஆதலால் முன்னுரையிலேயே ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டார்: இவையனைத்தும் தாம் இயற்றியவை, அபூஸைதின் நாவில் வைத்தவை, ஹாரிஸ் அறிவித்ததாக அமைத்தவை என்று. ஹமதானியின் இருவருமே யாரென அறியப்படாதவர்கள்தாம் என்றும் சுட்டினார். விலங்குகளையும் உயிரற்ற பொருள்களையும் பேசவைத்த கதைகளை எவரும் வெறுத்ததில்லையே, சொன்னவரைப் பாவி என்றதில்லையே என்று வினவினார். செயல்கள் எண்ணத்தைப் பொறுத்தவை என்னும் நபிமொழியின் அடிப்படையில், படிப்பினைக்காகப் புனைவோருக்குக் குற்றமில்லை என்று வாதிட்டார்.

ஆயினும், பக்தாதின் நஹ்வுப் பேரறிஞர் இப்னுல் கஷ்ஷாப் (மறைவு ஹிஜ்ரி 567, கி.பி. 1172) இதனை ஏற்கவில்லை. மகாமாத்துக்கு மறுப்பாகவே ஒரு நூல் எழுதினார். விலங்கு பேசியது என்றால் அது கதை என்று எவரும் அறிவர். ஹாரிஸ், அபூஸைத் என்று மனிதர்களைச் சொன்னால், அத்தகையோர் இருந்திருக்கக்கூடும். எனவே அது பொய்யின் பாற்படும் என்பது அவர் வாதம். எகிப்தில் வாழ்ந்த மற்றொரு நஹ்வு அறிஞர் இப்னு பர்ரீ (மறைவு ஹிஜ்ரி 582, கி.பி. 1187) ஹரீரியின் பக்கம் நின்று மறுமொழி வரைந்தார்.

இவ்வழக்கில் இப்னுல் கஷ்ஷாபை எளிதில் தள்ளிவிட நாம் விரும்பவில்லை. உண்மையின் காவலர் ஒருவரின் அச்சம் அது. அறிவிப்பாளர் பெயரைக் கேட்டால் நம்பிவிடும் பாமரர் உண்டு. அவ்வடிவத்தைக் கதைக்குக் கொடுப்பது ஆபத்து என்று அவர் எண்ணியிருப்பார். ஆயினும், பொய்யன் தன் சொல் உண்மையென நம்பப்பட வேண்டும் என்று விரும்புகிறான். ஹரீரியோ வாயிலிலேயே நின்று, ‘உள்ளே இருப்பது புனைவு’ என்று அறிவித்துவிட்டுத்தான் நம்மை அழைக்கிறார். படிப்பவர் முன்னுரையைத் தாண்டி ஓடிவிட்டால் அது எழுதியவர் குற்றமா?

இவ்வச்சம் பிற்காலத்திலும் தீரவில்லை. ஹமதானியின் மகாமாக்களை 1889இல் பெய்ரூத்தில் உரையுடன் வெளியிட்ட ஷைகு முஹம்மத் அப்துஹூ, அவற்றுள் ஒன்றை முழுதாகவும் வேறு சில வரிகளையும் நாகரிகம் கருதி விட்டுவிட்டே பதிப்பித்தார்கள்.

எகிப்தில் பழைய பெயரும் புதிய கண்ணும்

ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டு கழித்து ஈஸா இப்னு ஹிஷாம் கெய்ரோவில் மீண்டும் தோன்றினார். முஹம்மத் அல்முவைலிஹி (1858 – 1930) ‘மிஸ்பாஹுஷ் ஷர்க்’ இதழில் 1898 முதல் தொடராக எழுதி, 1907இல் நூலாக்கிய ‘ஹதீஸு ஈஸப்னி ஹிஷாம்’ என்பதில், கபுறுஸ்தானில் ஒரு கபுறு பிளக்கிறது. முஹம்மத் அலீ காலத்துப் பாஷா ஒருவர் எழுந்து வருகிறார். ஈஸா அவரைக் கெய்ரோவுக்குள் அழைத்துச் செல்கிறார். கழுதைக்காரனிடம் ஏற்படும் சச்சரவால் பாஷா காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் இழுக்கப்படுகிறார். அன்றாடம் கண்டு பழகியதால் நகர மக்களின் கண்ணுக்குத் தெரியாமற் போன கேடுகள், இறந்து எழுந்தவரின் கண்ணுக்குப் பளிச்செனத் தெரிகின்றன. கண்ணை மாற்றினால் ஊரே மாறித் தெரியும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டா.

தாஹா ஹுஸைன் (1889 – 1973) குழந்தைப் பருவத்திலேயே பார்வையை இழந்தவர். தம் வரலாற்றை ‘அல்அய்யாம்’ என்னும் பெயரில் எழுதியபோது ‘நான்’ என்று எழுதவில்லை. ‘சிறுவன்’ என்றும் ‘நம் தோழர்’ என்றும் எழுதினார். முதற்பகுதி 1929இல் நூலாயிற்று. அதில் ஒலியும் தொடுகையுமே உலகம். சொந்தத் துயரைப் பிறனொருவனின் துயர்போல் சற்றுத் தள்ளி நின்று சொன்னதால், இரக்கத்தை இரந்து பெறாமல் மதிப்பைப் பெற்றார்.

1988இல் நோபல் பரிசு பெற்ற நஜீப் மஹ்ஃபூஸின் ‘மீராமார்’ 1967இல் வெளிவந்தது. இஸ்கந்தரிய்யாவில் ஒரு கிரேக்க மூதாட்டி நடத்தும் விடுதி. கிராமத்தில் ஒரு கிழவருக்குக் கட்டிவைக்கப் பார்த்ததால் ஓடிவந்த ஸஹ்ரா என்னும் பெண் அங்கே வேலை செய்கிறாள், எழுத்தும் படிக்கிறாள். விடுதியில் தங்கியிருக்கும் ஆடவருள் ஒருவர் இறந்து கிடக்கிறார். அந்த ஒரே நிகழ்ச்சியை முதிய பத்திரிகையாளர், நிலக்கிழார் வீட்டு இளைஞர், வானொலி அறிவிப்பாளர், கணக்கர் என நால்வர் தத்தம் வாயால் சொல்கின்றனர். ஒருவருக்குத் திமிர்பிடித்தவளாகத் தெரியும் ஸஹ்ரா, மற்றவருக்கு மகளாகத் தெரிகிறாள். நால்வரின் சாட்சியையும் ஒத்துப் பார்த்து உண்மையை நாமே தேட வேண்டியிருக்கிறது. ஒரு ஹதீஸை வெவ்வேறு தொடர்களில் ஒத்துப் பார்க்கும் முஹத்திஸைப் போல. ஆனால் நாவல் முழுவதும் யாரைச் சுற்றிச் சுழல்கிறதோ, அந்த ஸஹ்ராவுக்குப் பேசும் முறை ஒருபோதும் வருவதில்லை. அதனைக் கவனிப்பவரே அக்கதையை முழுமையாகப் படித்தவர்.

தமிழிலும் இதன் தடங்கள் உண்டு. 1879இல் வந்த முதல் தமிழ் நாவலாகிய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’, நாயகரே ‘நான்’ என்று சொல்லும் கதை. அடுத்து 1885இல் கண்டி முஹம்மது காசிம் சித்தி லெப்பை எழுதிய ‘அஸன்பே சரித்திரம்’ எகிப்தைத் தொடக்கமாகக் கொண்டது. ஆசிரியர் வெளியே நின்று கூறுவது. 2004இல் வெளிவந்த சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யில் ராபியா என்னும் சிறுமியின் கண்ணும், வீட்டுக்குள் இருக்கும் பெண்களின் கண்களுமே நம் சமுதாயத்தைப் பார்க்கின்றன. ஸஹ்ராவுக்குக் கிட்டாத முறை இங்கே பெண்களுக்குக் கிட்டியிருக்கிறது எனலாம்.

நம் பிழை

இனி, தொடக்கத்தில் சொல்வதாகக் கூறியதைச் சொல்லிவிடுவோம். பல ஆண்டுகளுக்கு முன் நமக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் எழுதிய சிறுகதை ஓர் இதழில் வந்தது. வாப்பா விட்டுச்சென்ற சொத்தில் சகோதரிக்குச் சேரவேண்டிய பங்கை மறைத்துக்கொண்ட ஒருவன், ‘நான்’ என்று தன் வாயாலேயே கதை சொல்கிறான். தான் செய்ததற்கெல்லாம் நியாயம் காட்டுகிறான். பெண்பிள்ளைக்குப் பங்கு எதற்கு என்கிறான். ஊர்ப் பெரியவர்கள் அந்த வரிகளுக்குக் கீழே கோடிட்டு இதழை நம்மிடம் கொண்டுவந்தார்கள். நாம் கோடிட்ட வரிகளை மட்டும் படித்தோம். மார்க்கம் விதித்த பங்கை மறுக்கும் எழுத்து ஒரு முஸ்லிமின் பேனாவிலிருந்து வரலாகாது என்று சொல்லிவிட்டோம்.

அந்த இளைஞர் நம்மிடம் வந்து நின்றார். “ஹஜ்ரத், அது அவன் சொல்வது, நான் சொல்வதன்று” என்றார். அவ்வளவே அவர் சொன்னது. ஆண்டுதோறும் மகாமாத் ஓதிக்கொடுக்கும் நமக்கு அந்த ஒரு வாக்கியம் விளங்கவில்லை.

மாணவர் கேள்வி கேட்ட அன்றிரவு அவ்விதழைத் தேடியெடுத்துக் கதையை முழுவதும் படித்தோம். கதையின் முடிவில் பெருநாள் காலை. பங்கை இழந்த சகோதரி, தம்பிக்கென்று ஒரு தூக்குச் சட்டியில் பலகாரம் கொண்டுவந்து வாசலில் நிற்கிறாள். அவன் உள்ளே இருந்துகொண்டே, ‘வீட்டில் இல்லை’ என்று தன் பிள்ளையைச் சொல்லவைக்கிறான். தன் பிள்ளையின் வாயில் பொய்யை ஏற்றியதற்கும் அவன் நியாயம் சொல்கிறான். அவ்விடத்தில் கதை முடிகிறது. பங்கைப் பறித்தவனைக் கண்டிக்க ஆயிரம் பயான்கள் செய்திருக்கிறோம். அவற்றுள் ஒன்றேனும் இக்கதை தைத்ததுபோல் தைத்திருக்குமா என்று ஐயுறுகிறோம்.

மறுநாள் அவர் வீட்டுக்குச் சென்று, நாம் பிழை செய்தோம் என்று கூறி மன்னிப்புக் கோரினோம். அவர் நம்மை அன்போடு அமரவைத்துத் தேநீர் தந்தார். இப்போது ஒரு கடையில் கணக்கெழுதுவதாகச் சொன்னார். “கதை எழுதுவது மறந்துபோய்விட்டது, ஹஜ்ரத்” என்றார். குற்றம் சாட்டும் தொனி அதில் இல்லை. இருந்திருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

கதைகளை அறவே விலக்கிவிடுவதாலோ, கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதாலோ உண்மை காக்கப்படுவதில்லை. நம் இமாம்கள் கற்றுத்தந்த வழி வேறு. வீட்டில் பிள்ளைகள் ஒரு கதையைப் படித்து முடித்தால் அவர்களிடம் மூன்று கேள்விகள் கேட்டுப் பழக்குங்கள்: இதைச் சொன்னவர் யார்? அவருக்கு இது எப்படித் தெரியும்? பேசும் முறை கிட்டாதவர் எவர்? இம்மூன்றையும் கேட்கத் தெரிந்த பிள்ளை கதையிலும் ஏமாறாது, கடைத்தெருவிலும் ஏமாறாது, கோடிட்ட வரிகளை மட்டும் படித்துவிட்டு ஒரு மனிதரைப் பற்றித் தீர்ப்பும் சொல்லாது.